ஓர் இரவு, நான்கு தேதி

கிள்ளானில் ஒரு வியாழக்கிழமை. மாலை ஏழேகால், ஏழரை வாக்கில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு ஒலித்ததும் மலாய்க்காரர்களுக்கு வெள்ளிக்கிழமையின் இரவு பிறந்துவிடுகிறது. அவர்கள் ‘மாலாம் ஜுமாஅத்’, அதாவது வெள்ளி இரவு என்று சொல்வது நம் கணக்கில் வியாழன் இரவை. இஸ்லாமிய நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. இரவு மணி 11க்குப் பழைய சீன முறையின் முதல் பொழுது வருகிறது. அந்த முறையில் ஒரு நாளுக்குப் பன்னிரண்டு பொழுதுகள், ஒவ்வொன்றும் நம்முடைய இரண்டு மணி நேரம். பூசைக்கும் பிறப்புக் கணிப்புக்கும் அதைப் பார்க்கும் சீனர்கள் பலர் அடுத்த நாளை அங்கிருந்தே எண்ணுகிறார்கள். பன்னிரண்டுக்குக் கைப்பேசி தேதியை மாற்றுகிறது. தமிழ்ப் பாட்டியைக் கேட்டால், விடிகிற வரைக்கும் வியாழக்கிழமைதான். பஞ்சாங்கமும் அவர் பக்கம்தான் நிற்கிறது, ஏனென்றால் அதில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில்.

ஒரே தெருவில், ஒரே இரவில், நான்கு வேளைகளில் நாள் மாறுகிறது. இதற்காக இங்கே யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை. அவரவர் நாளை அவரவர் தொடங்கிக்கொண்டு, காலையில் ஒன்றாகப் போய் ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்கள். சிக்கல் எழுவது வேறோர் இடத்தில். இந்த நான்கு கணக்கில் ஒன்றோடு வாழ்கிற மனிதர், ஒரு டிக்கெட்டையோ அறிவிப்பையோ மருந்துச் சீட்டையோ கையில் வாங்கும்போது.

கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கேடிஎம் ரயில் அட்டவணை 24 மணிக் கணக்கில் ஓடுகிறது. 19.42 என்றால் இரவு ஏழு நாற்பத்திரண்டு. படிக்கட்டில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கு வந்தால், அதே ஊர் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுகிறது. கடைப் பலகையில் 10 முதல் 10 வரை. கோயில் அறிவிப்பில் ‘மாலை மணி 6.30’. கல்யாணப் பத்திரிகையில் ‘காலை மணி 9.00க்கு மேல் 10.30க்குள்’. அரசாங்கக் கடிதத்தில் எண்ணுக்குப் பின்னால் காலை, நண்பகல், மாலை, இரவு என்பதற்கான மலாய்ச் சொல். இந்த நாட்டில் வாய் பன்னிரண்டு பேசுகிறது. ரயில், விமானம், துறைமுகம், காவல் துறை எல்லாம் இருபத்துநான்கு எழுதுகின்றன.

இந்த இரண்டும் மோதுகிற இடம் நள்ளிரவு.

சனிக்கிழமை இரவு பிள்ளைகள் அப்பா அம்மாவை கேஎல்ஐஏ விமான நிலையத்தில் கொண்டுபோய்விட வேண்டும். திருச்சிக்கோ சென்னைக்கோ பயணம். டிக்கெட்டில் ‘ஞாயிறு 15, 00.20’ என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஞாயிறு இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால், விமானம் போய் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகியிருக்கும். படிக்காதவர்களுக்கு வரும் குழப்பம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்தியாவிலும் நள்ளிரவு கடந்து புறப்படும் ரயில்களுக்கு இதே தவறு நடக்கிறது. அங்கும் ரயில்வே எழுதுவது 24 மணிக் கணக்குதான். டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் அனுபவசாலி முகவர், தாளை நீட்டும்போதே வாயாலும் சொல்வார்: “சனிக்கிழமை ராத்திரியே வந்திடணும்மா, பத்து மணிக்கெல்லாம் அங்க இருக்கணும்.” அச்சில் இல்லாத இந்த ஒரு வாக்கியம்தான் பலரை விமானத்தில் ஏற்றிவிடுகிறது.

பன்னிரண்டு மணிக் கணக்கில் எழுதினால் தீர்ந்துவிடுமா என்றால், அங்கே வேறொரு குழி. இரவு 11.59க்குப் பிறகு வருவது 12.00. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்து 1.00. அதாவது அந்தக் கணக்கில் பன்னிரண்டு என்ற எண்தான் சுழியத்தின் வேலையைச் செய்கிறது. 12.20 ஏஎம் என்றால் நடுராத்திரி, 12.20 பிஎம் என்றால் நடுப்பகல். இதை யோசிக்காமல் உடனே சொல்லக் கூடியவர்கள் குறைவு. மலேசிய அரசாங்கமே எண்ணெய் விலை மாறும் நேரத்தை அறிவிக்கும்போது ‘நள்ளிரவு 12.01’ என்று போடுகிறது. அந்த ஒரு நிமிடம், எந்த நாளின் பன்னிரண்டு என்ற கேள்வியை ஒழித்துவிடுகிறது.

இந்த நாடு பிறந்ததும் அப்படி ஒரு பன்னிரண்டில்தான். 1957 ஆகஸ்ட் 30 இரவு, கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் கூட்டம் திரண்டது. விளக்குகள் அணைந்தன. நள்ளிரவில் யூனியன் ஜாக் இறங்கி மலாயாவின் கொடி ஏறியது. எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் கோபுரக் கடிகாரம். 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாவின்போது முதன்முதலாக அடித்த அந்தக் கடிகாரத்தின் முகத்தில் பன்னிரண்டு எண்களே உண்டு. அதற்கு 30ஆம் தேதியின் முடிவும் 31ஆம் தேதியின் தொடக்கமும் ஒரே முள்தான். திடலில் நின்ற நம் பெரியவர்களில் பலருக்கு அது 30ஆம் தேதி இரவு, சரித்திரத்துக்கு அது 31.

ஆண்டவர் யாரோ, அவர் கடிகாரம்

உலக வரைபடத்தில் எந்த நாடு எந்தக் கணக்கில் எழுதுகிறது என்று வண்ணம் தீட்டினால், பழைய ஏகாதிபத்தியங்களின் எல்லைகள் பெரும்பாலும் தெரியும். பிரிட்டிஷார் ஆண்ட மலேசியா, இந்தியா, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா ஆகியவை அன்றாட வாழ்வில் பன்னிரண்டு. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியா எழுத்தில் இருபத்துநான்கு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாமும் அப்படியே. அமெரிக்கர் ஆண்ட பிலிப்பைன்ஸ் பன்னிரண்டு.

இதில் நம் வீட்டு வாசலிலேயே நிற்கும் உதாரணம் மலாய் மொழி. மலேசிய நாளிதழில் ‘7.30 மாலாம்’ என்று இருக்கும். அதே மொழிக் குடும்பத்தின் இந்தோனேசிய நாளிதழில் ‘19.30’ என்று இருக்கும். மலாக்கா நீரிணையின் குறுகிய பகுதியில் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சில பத்துக் கிலோமீட்டர்தான். இரு கரையிலும் உணவும் உறவும் மொழியும் கலந்து கிடக்கின்றன. 1824இல் லண்டனும் டச்சு அரசும் போட்ட ஒப்பந்தம் அந்த நீரிணையைப் பங்கு பிரித்தது. இன்று மணியை எழுதும் விதத்தில்கூட அந்தப் பங்கு பிரிவினை தெரிகிறது.

இருபத்துநான்கு மணிக் கணக்கை உலகத்துக்கு முன்வைத்தவர்களில் முக்கியமானவர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங். கனடாவின் ரயில் பொறியாளர். 1876இல் அயர்லாந்தின் பண்டோரன் என்ற சிறு நிலையத்தில் மாலை 5.35 வண்டிக்காகப் போய் நின்றார். வண்டி வரவில்லை. அட்டவணையில் காலை என்று இருக்க வேண்டிய இடத்தில் மாலை என்று அச்சாகியிருந்தது. இரவு முழுக்க அங்கேயே காத்துக் கிடந்தார். அந்த எரிச்சலில் தொடங்கிய சிந்தனை, உலகம் முழுவதற்கும் ஒரே நேர ஒழுங்கு, நாளுக்கு இருபத்துநான்கு தொடர் மணி என்று வளர்ந்தது. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளின் மாநாடு கிரீன்விச்சை முதல் தீர்க்கரேகையாக ஏற்றது. உலக நாள் நள்ளிரவில் தொடங்கி சுழியம் முதல் இருபத்துநான்கு வரை எண்ணப்பட வேண்டும் என்ற தீர்மானமும் அங்கேதான் நிறைவேறியது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1886இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. பாலம் கட்டி முடிந்து வண்டி கிள்ளான் ஊருக்குள் வர 1890 ஆனது.

இத்தாலி 1893இல் ரயில்வேக்கு 24 மணியை எடுத்துக்கொண்டது. பிரிட்டனின் கடற்படை 1915இல், ராணுவம் 1918இல். ஆனால் பிரிட்டன் மக்கள் எளிதில் இறங்கவில்லை. 1934இல் பிபிசி வானொலி 24 மணியில் நேரம் சொல்லிப் பார்த்து, சில மாதங்களிலேயே கைவிட்டது. பிரிட்டிஷ் ரயில்வே மாறியது 1964இல். அதாவது மலாயா சுதந்திரம் பெற்று ஏழாண்டு ஆன பிறகுதான். நமக்குக் கொடுத்துவிட்டுப் போன பழக்கத்தை அவர்கள் ரயில் நிலையத்திலாவது திருத்திக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

வேறு வழிகளும் உலகில் உண்டு. ஹாட்யாய்க்குப் போய்வரும் மலேசியத் தமிழர்களுக்குத் தாய்லாந்தின் பேச்சு வழக்கு காதில் விழுந்திருக்கும். அரசாங்கம் எழுதுவது இருபத்துநான்கு. மக்கள் பேச்சில் நாள் ஆறு ஆறு மணியாக நான்கு துண்டு. இரவு ஏழு மணி அங்கே இரவின் முதல் மணி, ஒன்பது மணி மூன்றாவது மணி. எத்தியோப்பியாவிலும் சுவாஹிலி பேசும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பொழுது விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் ‘ஒரு மணி’. நம்முடைய காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த தமிழருக்கு இது புதுமையாக இருக்காது. உதயாதி நாழிகை என்று ஜோதிடர்கள் எண்ணுவதும் இப்படித்தானே, உதயத்திலிருந்து.

ஜப்பானின் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே இரவு முழுக்கத் திறந்திருக்கும் மதுக்கடைகளும் தொலைக்காட்சி நிலையங்களும் 25.30 என்று எழுதுகின்றன. வெள்ளிக்கிழமை 25.30 என்றால், வெள்ளி இரவு தொடர்ந்து, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. காலண்டர் சனி என்று சொன்னாலும், வேலை பார்ப்பவருக்கும் வந்து உட்கார்ந்திருப்பவருக்கும் அது வெள்ளியின் தொடர்ச்சி. நம் கிள்ளான் பள்ளத்தாக்கு மாமாக் உணவகங்களில் இரவு ஒன்றரைக்குத் தே தாரிக் குடித்துக்கொண்டு பந்தாட்டம் பார்க்கும் கூட்டத்துக்கும் அது நேற்றைய இரவேதான். கல்லாவில் இருப்பவர் கணக்கை முடிப்பதும் ஷிஃப்ட் முடிகிறபோதுதான், நள்ளிரவில் அல்ல.   

பகல் ஒன்றேகாலுக்கு வரும் உச்சி

ஏஎம், பிஎம் என்பவை லத்தீன் சொற்றொடர்களின் சுருக்கம். உச்சிப்பொழுதுக்கு முன், உச்சிப்பொழுதுக்குப் பின். பன்னிரண்டு மணிக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பன்னிரண்டு அடிக்கும்போது சூரியன் தலைக்கு மேல் இருக்கும்.

கோலாலம்பூரில் அது பொய். சூரியன் இங்கே உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 1.13க்கு. ஆண்டின் காலத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் முன்பின் ஆகும். பள்ளிவாசலின் லுஹர் பாங்கு ஒரு மணியைச் சுற்றி ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தொழுகை சூரியன் உச்சி சாய்ந்ததும் தொடங்குவது. சுவர்க் கடிகாரம் என்ன சொன்னாலும் பாங்கு சூரியனோடு நிற்கிறது.

ஏன் இந்த எழுபத்து மூன்று நிமிட வித்தியாசம்? கணக்கு எளிது. கோலாலம்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 101.7 பாகையில் இருக்கிறது. நம் கடிகாரம் 120 பாகைக்குரிய நேரத்தைக் காட்டுகிறது. இடைவெளி 18.3 பாகை, பாகைக்கு நான்கு நிமிடம். சென்னையில் இந்த வித்தியாசம் ஒன்பது நிமிடம்தான். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலேயே ஏறத்தாழ ஒரு நிமிடம் உண்டு. கோலாலம்பூரில் உச்சி வந்து ஒரு நிமிடம் கழித்துக் கிள்ளானில் வரும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூர் தன் சூரியனோடுதான் இருந்தது, கிரீன்விச்சுக்கு ஆறு மணி நாற்பத்தேழு நிமிடம் முன்னால். பிறகு சிங்கப்பூர் நேரம். 1905இல் ஏழு மணி. 1933இல் பகல் வெளிச்சத்தைச் சேமிக்க என்று இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் பத்து, ஏழரை மணி. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம், ஒன்பது மணி. அந்த மூன்றரை ஆண்டு இங்கே சூரியன் காலை எட்டு மணிக்கு மேல்தான் உதித்தது, பகல் இரண்டேகாலுக்கு உச்சி. போர் முடிந்ததும் ஏழரைக்குத் திரும்பியது.

கடைசி மாற்றம் நம்மில் பலருக்கு நினைவில் இருக்கும். மகாதீர் பிரதமராகி ஆறு மாதம் ஆகவில்லை. தீபகற்பமும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்று முடிவானது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரங்களை 12க்குத் திருப்பினார்கள். தீபகற்ப மலேசியாவில் 1981ஆம் ஆண்டின் கடைசி அரை மணி நேரம் இல்லவே இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு 11.45க்குப் பிறந்ததாக இங்கே எந்தக் குழந்தையும் இருக்க முடியாது. சிங்கப்பூரும் கூடவே மாறியது. தமிழ்நாட்டுக்கும் நமக்கும் இருந்த இரண்டு மணி நேர இடைவெளி அன்றிரவு இரண்டரை ஆனது.

அந்த அரை மணி நேரத்தை முதலில் உணர்ந்தவர்கள் தோட்டத்துத் தமிழர்களாகத்தான் இருந்திருப்பார்கள். பால் மரம் வெட்டுவது விடியலின் குளிர்ச்சியில் நடக்க வேண்டிய வேலை. வெயில் ஏற ஏற மரத்தினுள் அழுத்தம் குறைந்து பால் வடிவது சுருங்கிவிடும். அதனால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, இருட்டில் எழுந்து போவது எப்போதும் உள்ள வழக்கம். கடிகாரம் முன்னே போனதும் அதே மணி இன்னும் ஆழ்ந்த இருட்டானது. இன்றும் ஏழரை மணிப் பள்ளிக்குப் பிள்ளைகள் தெருவிளக்கின் கீழ் வேனுக்குக் காத்திருக்கிறார்கள். இங்கே சூரியன் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஏழு மணியிலிருந்து ஏழரைக்குள் உதிக்கிறது.

இப்போது ராகு காலத்துக்கு வருவோம். நம்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நம்புகிறவர்களுக்கு இது அவசியம். உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து, திங்கட்கிழமை இரண்டாவது பகுதியை ராகு காலம் என்கிறார்கள். ஆறு மணிக்கு உதயம் என்று வைத்தால் 7.30 முதல் 9.00. தமிழ்நாட்டுக் காலண்டரில் அச்சாகியிருப்பது இதுதான். அதை அப்படியே இங்கே சுவரில் மாட்டிக்கொண்டு பார்க்கிற வீடுகள் எத்தனையோ. கோலாலம்பூரில் 7.10க்கு உதயமாகும் ஒரு நாளில் திங்கட்கிழமை ராகு காலம் 8.40 முதல் 10.10 வரை. அதாவது ராகு காலம் முடிந்தது என்று ஒன்பதரைக்குக் கிளம்புபவர் சரியாக அதற்குள்ளேயே போய் இறங்குகிறார். மலேசிய நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஜாதகத்தில் இது இன்னும் கூர்மை. போர் முடிந்ததிலிருந்து 1981 முடியும் வரை தீபகற்பத்தில் பிறந்தவருக்கு ஏழரை மணி நேர மண்டலம், பிறகு பிறந்தவருக்கு எட்டு மணி. அரை மணியில் லக்னம் மாறிவிட வாய்ப்பு உண்டு. ஜப்பான் காலத்தில் பிறந்த தாத்தாவின் ஜாதகத்தை எழுத உட்கார்ந்தால் ஒன்றரை மணி. அதோடு, சீட்டில் ‘12.15’ என்று மட்டும் இருந்து அது பகலா இரவா என்று யாருக்கும் நினைவில்லை என்றால், லக்னமே ஏறத்தாழ ஏழாம் வீட்டுக்குப் போய்விடும். பகல் பன்னிரண்டேகால் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. இரவு பன்னிரண்டேகால் என்றால் கிழமையும் கேள்விக்குள்ளாகும், ஏனென்றால் சீட்டில் தேதி மாறிவிட்டது, பஞ்சாங்கத்தில் மாறவில்லை. தேதியையும் நேரத்தையும் 24 மணியில் எழுதி, பக்கத்தில் ‘இன்ன கிழமை இரவு’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த அவதியே கிடையாது.

அறுபதும் இருபத்துநான்கும்

இருபத்துநான்கு மணி நமக்கு அந்நியம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் முன்னோர் நாளை அறுபது நாழிகையாக எண்ணினார்கள், நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிடம். பகல் முப்பது, இரவு முப்பது என்று பிரித்தும் எண்ணினார்கள், உதயத்திலிருந்து அறுபது வரை தொடர்ச்சியாகவும் எண்ணினார்கள். அது போக ஓரை என்று ஒன்று உண்டு. உதயத்திலிருந்து மறு உதயம் வரை இருபத்துநான்கு ஓரை. ஞாயிற்றுக்கிழமையின் முதல் ஓரை சூரியனுடையது. ஏழு கிரகங்களும் முறைவைத்துச் சுழன்று வர, இருபத்தைந்தாவது ஓரை சந்திரனுக்கு விழும். அதுதான் திங்களின் முதல் ஓரை. ஞாயிறுக்குப் பின் ஏன் திங்கள், திங்களுக்குப் பின் ஏன் செவ்வாய் என்பதற்கு விடையே இந்த இருபத்துநான்கு ஓரைச் சுழற்சிதான். கிரேக்கத்தோடு ஏற்பட்ட தொடர்பில் வந்த அறிவு இது என்றாலும், நம் வீடுகளில் பல நூற்றாண்டாகக் குடியிருக்கிறது.

இலக்கணமோ நாளைப் பத்துப் பத்து நாழிகையாக ஆறு சிறுபொழுதாகப் பார்த்தது. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. வைகறை என்பது இரவு இரண்டிலிருந்து விடிகாலை ஆறு வரை. அதாவது தமிழில் இரவு ஒரு மணி இன்னும் யாமம். மலாயில் அதே நேரம் ‘ஒரு மணி பாகி’, காலை ஒரு மணி. மலாய்க்காரர் தேதியோடு போகிறார், தமிழர் இருட்டோடு போகிறார். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இருவர் ‘வெள்ளிக்கிழமை ஒரு மணி’ என்று பேசிக்கொண்டால், ஒருவர் வியாழன் இரவைத் தொடர்ந்து வருவதைச் சொல்லியிருக்கலாம், மற்றவர் வெள்ளி இரவைத் தொடர்ந்து வருவதை.

தமிழர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. கணினிகளும் கைப்பேசிகளும் பயன்படுத்தும் யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் தமிழுக்கு நான்கு நாடுகள் உண்டு: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். இவற்றில் இலங்கைத் தமிழுக்கு மட்டும் 24 மணி வடிவம். மற்ற மூன்றுக்கும் பன்னிரண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர்களின் முன்னோர் ரயில்வே அலுவலகங்களில் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் வேலை பார்த்தவர்கள். அவர்களின் உறவினர்கள் இன்று சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். அங்கே வளரும் பிள்ளைக்கு 14.30 என்பதே இயல்பு. கனடாவில் டொரோண்டோவில் பன்னிரண்டு, மொன்றியலில் பிரெஞ்சு முறைப்படி இருபத்துநான்கு.

இலங்கையில் மணியே அரசியலான ஒரு காலமும் இருந்தது. 1996 மே மாதம், மின்சாரப் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கொழும்பு அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி குறைத்தது. அந்த நிலை 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தன. வன்னிக்குள் நுழைபவர் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்ப வேண்டியிருந்தது. ஒரு தீவுக்குள் இரண்டு நேரம், பத்தாண்டு.

எழுதுகிற கையின் பொறுப்பு

பேச்சில் பன்னிரண்டை விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பத்தொன்பது மணிக்கு வீட்டுக்கு வா என்று எந்தத் தாயும் பிள்ளையிடம் சொல்லப் போவதில்லை, சொல்லவும் வேண்டாம். காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்ற நான்கு சொல்லே வீட்டுக்குப் போதும். ஐரோப்பாவிலும் 24 மணி எழுதும் நாடுகள் பலவற்றில் மக்கள் பேசும்போது பன்னிரண்டுதான் பேசுகிறார்கள்.

அச்சில் வருவது வேறு விஷயம். அதில் பணமும் பயணமும் மருந்தும் நீதிமன்றத் தேதியும் அடங்கியிருக்கின்றன. அங்கே 24 மணி எழுத வேண்டும். அதோடு அது பாதிச் சிக்கலைத்தான் தீர்க்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பகலா இரவா என்ற குழப்பம் போய்விடும். எந்த இரவு என்ற குழப்பம் போகாது. சுழியம் மணி எந்த நாளுக்குச் சொந்தம் என்பதில் உலகத் தர அமைப்பே தடுமாறியிருக்கிறது. 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரம், ஒரு நாளின் முடிவை 24.00 என்றும் அடுத்த நாளின் தொடக்கத்தை 00.00 என்றும் எழுத அனுமதித்தது. 2019இல் 24.00ஐ நீக்கினார்கள். 2022இல் திருத்தம் போட்டுத் திரும்பச் சேர்த்தார்கள். கடைசி நாள் நள்ளிரவு வரை விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல அந்த 24.00 தேவைப்படுகிறது.

நம் பக்கம் இதற்கு மருந்து இருக்கிறது: இரண்டு கிழமையையும் எழுதிவிடுவது. ‘சனி இரவு, விடிந்தால் ஞாயிறு’ என்று பேச்சில் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆண்டுக்கு ஒரு முறை கிள்ளான் பள்ளத்தாக்கே இரவில் விழித்திருக்கும் தைப்பூசத்தில் இது மிகவும் உதவும். துன் எச்.எஸ்.லீ சாலை மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில் கிளம்பி, நகரத்தைக் கடந்து பத்துமலைக்குப் போகிறது. 2010இல் கொமுட்டர் பாதை பத்துமலை வரை நீண்ட பிறகு ரயிலில் போகும் கூட்டம் பெருகிவிட்டது. காவடி எடுப்பவர்கள், பால்குடம் ஏந்துபவர்கள், அவர்களோடு வரும் குழந்தைகள், வயதானவர்கள் என்று பலரும் நடுராத்திரிக்குப் பிறகு நகர்கிறார்கள். பத்துமலைக்கு அருகே ஆற்றங்கரையில் கூடும் நேரத்தை வாட்ஸ்அப் குழுவில் ‘தைப்பூசம் அன்று 2 மணி’ என்று போட்டால், பகல் இரண்டா, முன் இரவு தாண்டிய இரண்டா, பின் இரவு தாண்டிய இரண்டா என்று மூன்று பொருள் வரும்.

கோயில் நிர்வாகங்களும் பேருந்து ஏற்பாடு செய்யும் இளைஞர் மன்றங்களும் இந்த ஒரு வரி வடிவத்தை எடுத்துக்கொண்டால் போதும். தைப்பூசம் புதன்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘செவ்வாய் இரவு, புதன் பிறந்து 02.00 மணி. செவ்வாய் இரவு 23.30க்குக் கிள்ளான் கோயில் வாசலில் பேருந்து.’ அடுத்த கூட்டத்தில் செயலாளர்கள் இதைத் தீர்மானமாகவே எழுதிவைக்கலாம். கல்யாண அட்டை அச்சடிக்கும் கடைகளும் கிளினிக்குகளும் டிக்கெட் முகவர்களும் இதையே பின்பற்றட்டும்.